மூன்று மணி வெளிச்சம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா, "ஒண்ணும் இல்லாத எடத்துல ஒண்ணு இருக்கான்னு பாக்குது" என்பார். கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், கூடவே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருக்கிறேன் என்று நான் அவசரமாகச் சேர்த்துக்கொள்வேன். அதற்குள் அவர் முகத்தில், கல்யாணம் ஆகாமல் வீட்டோடு இருக்கிற பெண்ணுக்குப் பொழுது போக ஏதாவது வேண்டும்தானே என்ற சமாதானம் வந்து உட்கார்ந்திருக்கும்.

அப்பச்சி சொன்னது தப்பும் இல்லை. வெளிச்சத்தை நாம் ஏதோ தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது மணி மணியாக வருகிறது. அந்த மணிக்கு ஃபோட்டான் என்று பெயர். ஒற்றை மணி வந்து விழுந்தாலும் கண்டுபிடித்துவிடும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நான் வைத்திருக்கும் கருவி அதோடு நிற்கக் கூடாது, மணி எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சில்லு. அதில் சின்னச் சின்னக் கண்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் மெல்லிய தடுப்பு. இடப்பக்கமிருந்து வரும் வெளிச்சத்தைத் தடுப்பு மறைப்பதால், வலக்கண்ணுக்கு அது குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு மணி விழுந்ததும் உள்ளே ஒரு எலெக்ட்ரான் கிளம்பும், அது அடுத்ததைக் கிளப்பும், கல்யாண வீட்டில் ஒருவர் பந்திக்கு எழுந்தால் கூடமே எழுந்துவிடுகிற மாதிரி. அந்தக் கூட்டம் எனக்கு 'டிக்' என்று ஒரு சத்தமாகக் கேட்கும். எந்தக் கண்ணில் அதிகம், எந்தக் கண்ணில் குறைவு என்று கணினி பார்த்து, திரையில் ஓர் அம்பு வரையும். வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வெளிச்சமே இல்லாவிட்டாலும் கருவி சும்மா இருக்காது. காரைக்குடிச் சூட்டில் எலெக்ட்ரான்கள் தாமாகவே எழுந்துவிடும். இலை போடுவதற்கு முன்பே எழுந்து நிற்பவர்கள் எந்த வீட்டில்தான் இல்லை. சில்லைக் குளிரவைத்தால் கொஞ்சம் அடங்குவார்கள். ஆனால் இந்தப் பொய் டிக்குகளுக்குத் திசை கிடையாது. அதனால் இருட்டில் அம்பு நாலா பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாமல் ஒரே பக்கம் நின்றால், அங்கே நிஜமாகவே வெளிச்சம் இருக்கிறது. இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் எங்கள் வீட்டு விவகாரம்.

அந்தக் கோடை விடுமுறையில் கல்லூரி ஆய்வகத்தைப் பராமரிப்பு என்று சொல்லிப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். என் வழிகாட்டியோ கல்லூரி திறப்பதற்குள் கடைசிச் சோதனைகளை முடித்துத் தரச் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு நல்ல இருட்டு தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் வேறு எதற்குக் குறை இருந்தாலும் இருட்டுக்குக் குறை இல்லை. முன்தெருவில் நுழைந்து பின்தெருவில் வெளியே வரும் பழைய வீடு அது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி அந்தக் காலத்தில் மகனுக்கு ஒன்றாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை. பங்காளிகள் எல்லோரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய், அவர்கள் சார்பில் பூட்டுகள் மட்டும் குடியிருக்கின்றன. எங்கள் பங்குக்கு அடுத்தடுத்து இரண்டு உள்ளறைகள். ஒன்று சும்மா கிடந்தது. இன்னொன்று சாமான் அறை.

சும்மா கிடந்ததைக் கேட்டேன். "இருட்டுதான வேணும்? எடுத்துக்க, நம்மகிட்ட அதான் நெறையா இருக்கு" என்றார் அப்பச்சி.

கொடுத்ததோடு விட்டிருக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு உருப்படியாக ஒரு எதிரி கிடைக்காமல் இருந்தது. எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே அடைக்க வேண்டும் என்று தெரிந்ததும் மனிதர் புதிதாய்ப் பிறந்துவிட்டார். கதவு இடுக்குக்குச் சைக்கிள் ட்யூப், சாவித் துவாரத்துக்குப் பஞ்சு, ஓட்டைகளுக்கு வெள்ளை சிமெண்ட். எங்கள் வீட்டுச் சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தவை. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் கண்ணாடி போல் அதை வேறு பக்கம் திருப்பிவிடும். அதனால் என் அம்பு முதலில் கண்ட கண்ட பக்கமெல்லாம் காட்டியது. அப்பச்சி வீட்டிலிருந்த கறுப்புக் குடைகளை எல்லாம் பிரித்துத் துணியைத் தைத்துச் சுவர்களில் தொங்கவிட்டார். அந்த வருடம் ஆவணி மழையில் நாங்கள் மூன்று பேரும் நனைந்தோம்.

சாமான் அறை என்றேன் இல்லையா, அதைச் சொன்னால் என் தங்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த அன்றைக்கே தாய்க்குச் சீர்ச்சாமான் சேர்க்கும் பைத்தியம் பிடித்துவிடும். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல் பூசிய மங்கு என்று அண்டாவிலிருந்து அரைக்கரண்டி வரைக்கும் வாங்கி வாங்கி அடுக்குவார்கள். எங்கள் ஆத்தாவுக்கு இரண்டு பெண்கள், ஆகவே இரட்டைப் பைத்தியம். என் பங்கு அடுக்கியபடியே இருந்ததற்குக் காரணம் நான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் ஃபோட்டானைப் பற்றி விளக்கி அனுப்பிவிடுவேன். தங்கையின் பங்கு அடுக்கியபடியே இருந்ததற்குக் காரணம் வேறு. அவள் கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் ஆட்களைச் சேர்ந்தவர் இல்லை. பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு தேவகோட்டைக்குப் போனவள் போனவள்தான்.

தேவகோட்டை பஸ் ஏறினால் அரை மணி நேரம். சிங்கப்பூர்ப் பங்காளிகள் விசா எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு வந்துவிடுவார்கள், தேவகோட்டையிலிருந்து மட்டும் எங்கள் வீட்டுக்கு வர வழியில்லாமல் போயிற்று. அப்பச்சி கத்தவும் இல்லை, சாமி ஆடவும் இல்லை. "அந்தப் பேச்ச இந்த வீட்டுல யாரும் எடுக்கப்படாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்குப் பிறகு சாமான் அறைக்குள் காலடி வைக்கவும் இல்லை. நான் கல்லூரியிலிருந்து தங்கையோடு பேசுவேன், அக்காவான என்னை ஆச்சி என்பாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அவள், "அப்பச்சி ஏதாச்சும் சொன்னாகளா ஆச்சி?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் மேலா, அவள் மேலா என்று தெரியாத எரிச்சல். ஆத்தாவோ ஒன்றும் கேட்பதில்லை. காலையில் சாமான்களைத் துடைப்பாள், மத்தியானம் வளவுக்கு அடுத்த இரண்டாம் கட்டில் படுப்பாள். சொன்ன சொல்லுக்கு இப்படிக் கட்டுப்பட்டுவிட்டாளே என்று அவள்மேல்தான் எனக்கு நிஜமான கோபம் இருந்தது.

எல்லா ஓட்டையும் அடைத்து, அறை நல்ல மை இருட்டாகி, சில்லும் குளிர்ந்து, அம்பு திருப்தியாக ஆடத் தொடங்கியது. இனி நான் ஒரு சின்ன விளக்கை இங்கும் அங்கும் வைத்து, அம்பு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் வந்தது வினை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் விளக்கை ஏற்றவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த அம்பு மெல்ல மெல்ல அடங்கி, இடப்பக்கச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. டிக் சத்தமும் கூடியது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. மறுநாளும் அதே மூன்று மணி, அதே சுவர்.

சில்லைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அம்பும் அதற்கேற்பத் திரும்பி அதே சுவரைக் காட்டியது. என் கணக்கு தப்பென்றால் என் பட்டம் காற்றோடு போகும். கணக்கு சரியென்றால் சுவர் வெளிச்சம் போடுகிறது. இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பச்சி காப்பி டம்ளரோடு வந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அங்குட்டு என்ன இருக்கு? சாமான் ரூம்பு" என்றார். சொல்லும்போது சுவரைப் பார்க்கவில்லை. பிறகு அவரே காரணமும் கண்டுபிடித்தார். "மூணு மணிக்கு வெயிலு மேக்க சாயுது. அந்த ரூம்பு மேல ஓடு வெலகியிருக்கும், அது வழியா எறங்குது."

அடுத்த நாள் உச்சி வெயிலில் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மச்சில் ஏறி, சாமான் அறைக்கு மேலே தார்ப்பாயை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தார். கால் பொத்துப்போய் நடையே மாறிவிட்டது. மூன்று மணிக்கு அம்பு மரியாதையாகச் சுவரைக் காட்டியது.

"புதையலா இருக்கும்" என்றாள் ஆத்தா. வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"புதையலு மூணு மணிக்கு மட்டும் வருமாக்கும், டூட்டி போட்டு?" என்றார் அப்பச்சி. "அந்த ரூம்பு சாவியக் குடு, இது போயிப் பாத்துட்டு வரட்டும்."

"தொறக்கப்படாது. எல்லாம் உசரமா அடுக்கி வச்சிருக்கேன், கைபட்டா சரிஞ்சு தலையில விழுந்துரும்" என்றாள். அப்பச்சி அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த அறை விஷயத்தில் அவருக்கு மேலே கேட்கத் தெம்பு கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

இத்தனை படித்தும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை. ஆத்தா நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்றைக்குத்தான் ஏறியது. அன்று மூன்று மணி வந்தது, மூன்றரை ஆயிற்று, அம்பு தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆத்தா வீட்டில் இருந்தாள், அம்பும் சுவருக்குத் திரும்பியது. நான் குடைத்துணியை விலக்கிவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல், என் தங்கையின் குரல்.

"அது குண்டான்த்தா. நான் கேட்டது மூடி போட்ட தூக்குவாளி. பச்சக் கலர் மங்கு."

"இந்தா, இதுவா?"

"அதுக்குப் பின்னாடி, பின்னாடி. ஆங், அதான்! எம்புட்டு அழகா இருக்கு! அத எப்ப வாங்குனீக?"

"நீ ஏழாப்புப் படிக்கையில."

நான் சுவரோடு ஒட்டியபடியே நின்றேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனைப் பிடித்தபடி, மகளுக்கு அவளுடைய சாமான்களை ஒன்றொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தத் திரை வெளிச்சம் எங்கேயோ ஒரு கீறல் வழியாக என் அறைக்கு மணி மணியாக வந்துகொண்டிருக்கிறது. அப்புறம் பொறாமையாக இருந்தது. என்னிடம் இரண்டு பேருமே சொல்லவில்லையே. அதற்கும் அப்புறம், இத்தனை நாள் ஆத்தாவைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆத்தாவை அடுப்படியில் பிடித்தேன். மறுக்கக்கூட இல்லை.

"அந்தப் பேச்ச எடுக்கப்படாதுன்னுதான சொன்னாக? நான் அவுககிட்ட எடுக்கலையே, இவகிட்டத்தான பேசுறேன்" என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மொகத்தப் பாக்காம இருக்க முடியலத்தா" என்றாள். உடனே கரண்டியை எடுத்துக்கொண்டாள். "நீ பாட்டுக்கு வெளிச்சத்தப் பிடிச்சுக்க. எங்களப் பிடிக்காத."

"வேற நேரத்துல பேசுங்களேன்."

"அவளுக்கு இந்நேரந்தான் தோது. ஒன் மிசினுக்கு வேற நேரம் பாத்துக்க."

அது நியாயமாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குக் கருவியை நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆனால் அப்பச்சி என்று ஒருவர் இருந்தாரே. கால் கொப்புளம் ஆறாத கோபத்தில் இருந்தார். மத்தியானத் தூக்கத்தையே விட்டுவிட்டு, மணி மூன்று அடிக்கும் முன்பே என் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் அடைக்க முடியாத ஒரு ஓட்டை உலகத்தில் இருக்கலாமா?

நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். "கருவி கோளாறு அப்பச்சி. சூட்டுல இப்பிடித்தான் தப்பாக் காட்டும்" என்றேன்.

"சூடு இருந்தா அம்பு ஆடும்னு நீதான சொன்ன? ஆடாம நின்னா வெளிச்சம்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். சில சமயம் நிக்கவும் செய்யும்."

"எந்தச் சமயம்?"

ஆராய்ச்சிக் குழு முன்னால்கூட நான் இப்படித் திணறியதில்லை. அப்பச்சி கருவியைத் தடவிக்கொடுத்தார். "இது சரியாத்தான் சொல்லுது. நீதான் என்னமோ மாத்தி மாத்திப் பேசுற" என்றார். அவருக்கு என் வேலைமேல் முதன்முதலாக நம்பிக்கை வந்திருந்தது, அதை நான்தான் கெடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் மனிதர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நூல்கண்டோடு வந்தார். கருவியை அறையின் ஒரு மூலையில் வைக்கச் சொல்லி, அம்பு காட்டிய பக்கம் சுவர் வரைக்கும் நூலைக் கட்டினார். பிறகு எதிர்மூலைக்கு மாற்றச் சொல்லி இன்னொரு நூல். இந்த யோசனை எனக்கு முதல் நாளே வந்திருந்தது. வந்ததை அமுக்கி வைத்திருந்தேன். இரண்டு நூலும் சுவரில் ஒரே இடத்தில் வந்து முட்டின. அங்கே தடவிப் பார்த்தார். அந்தக் காலத்தில் இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக மின்கம்பி போவதற்குச் சுவரில் வைத்த பீங்கான் குழாய் ஒன்று, மேலே சுண்ணாம்பு பூசி மறைந்து கிடந்தது. பூச்சில் முடி அளவுக்குக் கீறல்.

"பிடிச்சேன்!" என்றார். ஒரு சிரட்டையில் வெள்ளை சிமெண்டைக் குழைத்துக்கொண்டு வந்தார். அடைப்பதற்கு முன்னால் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். சுரண்டினார். பொருக்கு உதிர்ந்ததும் இருட்டில் கடுகளவு வெளிச்சம் நீலமாகத் தெரிந்தது.

"அடைச்சுருங்க அப்பச்சி. சீக்கிரம் அடைச்சுருங்க" என்றேன்.

"இரு. என்ன வெளிச்சம்னு பாக்க வேணாமா" என்று கண்ணை வைத்தார்.

வைத்தவர் எடுக்கவில்லை. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோகும் என்று பயமாக இருந்தது. இவர் இங்கிருந்து ஒரு அதட்டல் போட்டால், ஆத்தா இனி அந்தக் கதவைத் திறக்கவே மாட்டாள். தங்கைக்கு இந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். பூச்சு உதிர்ந்துவிட்டதால் இப்போது குரல் தெளிவாகவே கேட்டது.

"ஆத்தா, ஒங்க மொகமே தெரியல. ஒரே கறுப்பா இருக்கு. லைட்டப் போடுங்களேன்."

"இந்த ரூம்புல லைட்டு எரிஞ்சு எத்தன வருசமாச்சு. எரிஞ்சாலும் போட முடியாது, வெளிய தெரிஞ்சுரும். எனக்கு ஒன்னயத் தெரியுதுல்ல, போதும்."

"எனக்குத்தான் ஒங்களத் தெரியல."

அப்பச்சி நிமிர்ந்தார். சிரட்டையைத் தரையில் வைத்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. கதவைத் தடவித் திறந்துகொண்டு போய்விட்டார். பின்னாலேயே போய்ப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். "வெயில்ல நின்னா இப்பிடித்தான் வயித்தக் கட்டும்" என்று ஆத்தா அவருக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். சிமெண்ட் சிரட்டையிலேயே இறுகிப்போயிற்று.

மறுநாள் காலையில் எலெக்ட்ரிஷியன் ஒருவர் ஏணியோடு வந்து நின்றார். அப்பச்சி கூட்டி வந்திருந்தார்.

"சாமான் ரூம்புக்கு ட்யூப் லைட்டுப் போடணும். சாவியக் குடு" என்றார் ஆத்தாவிடம்.

ஆத்தா முகத்தில் ரத்தம் இல்லை. "இப்ப எதுக்கு அங்க லைட்டு? நான் என்ன ராத்திரியிலயா தொடைக்கிறேன்?"

"இருட்டுக்குள்ளயே கெடந்தா சாமானெல்லாம் கறுத்துப் போயிரும்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அப்பச்சி அப்போதும் உள்ளே போகவில்லை. வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இங்குட்டு மாட்டு, அங்குட்டு மாட்டு" என்று பார்க்காமலேயே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "மொகத்துக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுப்பா" என்றார். எலெக்ட்ரிஷியன் பாவம், அண்டாவின் முகம் எது என்று தெரியாமல் விழித்தார்.

மூன்று மணி ஆனபோது ஆத்தா இரண்டாம் கட்டில் உட்கார்ந்தபடியே இருந்தாள். போன் மடியில் கிடந்தது. "தெரிஞ்சு போச்சாத்தா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருக்கிறது என்பது தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. "நீங்க போங்க. லைட்டப் போட்டுட்டுப் பேசுங்க" என்றேன். என்னை நம்பியா, அல்லது மகள் காத்திருப்பாளே என்றா, தெரியவில்லை, எழுந்து போனாள்.

நான் என் அறைக்குத் திரும்பினால் அப்பச்சி ஏற்கெனவே ஸ்டூலில் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ட்யூப் லைட் இரண்டு முறை மினுக்கிவிட்டு எரிந்தது. குழாய் வழியாக வெளிச்சம் நூல் பிடித்த மாதிரி நேராக உள்ளே வந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. கருவி டிக்கென்று தனித்தனியாகச் சொல்ல முடியாமல் ஒரே இரைச்சலாக அலறியது. நான் அணைத்துவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டுற?" என்றார்.

"இம்புட்டு வெளிச்சத்துக்கு அது எதுக்கு அப்பச்சி? கண்ணே போதும்."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"ஆத்தா!" என்றது அந்தப் பக்கக் குரல். "இன்னைக்கு எம்புட்டு நல்லாத் தெரியிறீக! இதென்ன, நெத்தியெல்லாம் நரச்சுப் போச்சு? ஏன் இப்பிடி எளச்சுட்டீக?" அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "யாரு லைட்டுப் போட்டது?"

போன் வழியாகத் தங்கை மறுபடி மறுபடி கேட்டாள். யாரு ஆத்தா, யாரு போட்டது. நான் அப்பச்சியைப் பார்த்தேன். அந்த ஒரு கோடு வெளிச்சத்தில் அவர் கண் தெரிந்தது. மெல்ல எழுந்து போய், இத்தனை நாள் அடைக்கத் துடித்த அந்தக் குழாயில் வாயை வைத்தார். தொண்டையைச் செருமினார். பேசும்போது சத்தம் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. மாப்பிள்ளை என்ன சாப்பிடுவாகன்னு கேட்டு வையி."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரம் கைநழுவி விழுந்து, கல்தரையில் உருண்டு உருண்டு ஓடியது. அது ஓய்வதற்குள் தங்கை பதில் சொல்லிவிட்டாள். ஆத்தாவிடம் இல்லை.

"எது போட்டாலும் சாப்பிடுவாக, அப்பச்சி."